‘அப்பவே ஏன் சொல்லல?’: பணியிடப் பாலியல் துன்புறுத்தலில் மௌனம் எப்படி உருவாகிறது

வேலை செய்யும் இடத்தில் தனக்கு நடந்த பாலியல் துன்புறுத்தலை ஒரு பெண் வெளியே சொன்னதும், முதலில் வந்து நிற்கும் கேள்வி ‘அப்பவே ஏன் சொல்லல?’ என்பதுதான். 2018 அக்டோபரில் மீ டூ அலை எழுந்தபோது கேட்டார்கள். 2024 ஆகஸ்டில் மலையாளத் திரையுலகம் பற்றிய ஹேமா கமிட்டி அறிக்கை வெளியானபோதும் கேட்டார்கள். பார்வைக்கு நியாயமான கேள்விதான். தனிச் சட்டம் இருக்கிறது, புகார்க் குழு இருக்கிறது, உதவி எண் இருக்கிறது. பிறகும் ஏன் வாயைத் திறப்பதில்லை?

இதற்குப் பதில் தேட, சட்டம் எதைத் துன்புறுத்தல் என்கிறது, புகார் கொடுத்தால் என்ன நடக்கும், அப்போதே சொன்னவர்களுக்கு என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

## எது துன்புறுத்தல்?

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க வந்த சட்டம், சுருக்கமாக ‘போஷ் சட்டம்’, 2013 டிசம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது ஐந்து வகை நடத்தைகளைச் சொல்கிறது.

1. உடலைத் தொடுவது, தொட முயல்வது.
2. பாலுறவுக்கு இணங்கச் சொல்லிக் கேட்பது, வற்புறுத்துவது.
3. பாலியல் சாயல் உள்ள பேச்சு. நம் ஊரில் ‘டபுள் மீனிங்’ என்று சிரித்துக் கடக்கிற பேச்சும் இதில் வரும்.
4. ஆபாசப் படமோ வீடியோவோ காட்டுவது.
5. சொல்லால், சொல் இல்லாமல், உடலால் செய்யப்படும் வேறு எந்தப் பாலியல் நடத்தையும்.

இந்த ஐந்துக்கும் அடிப்படை ஒன்றுதான்: அந்தப் பெண் அதை விரும்பவில்லை என்பது. செய்தவர் மனதில் என்ன இருந்தது என்பது இரண்டாம்பட்சம். 2025 ஜனவரியில் ஓர் ஐடி நிறுவன வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆர்.என். மஞ்சுளா இதைத் தெளிவாகச் சொன்னார். வேலையை மேற்பார்வையிடத்தான் அருகில் நின்றேன் என்பது புகாருக்கு ஆளான அதிகாரியின் வாதம். நோக்கம் எதுவாக இருந்தாலும், எதிரில் இருக்கும் பெண் விரும்பாத நடத்தை துன்புறுத்தலே என்று தீர்ப்பு சொன்னது. ‘மகள் மாதிரி நினைச்சுத்தான் தோளில் கை வெச்சேன்’ என்ற வழக்கமான சமாதானம் இந்த இடத்தில் உதவாது.

பதவி உயர்வு தருவதாக ஆசை காட்டுவது, வேலை போகும் என்று மிரட்டுவது, வேலை செய்ய முடியாதபடி சூழலைக் கெடுப்பது ஆகியவை இந்த நடத்தைகளோடு சேர்ந்து வந்தால் அவையும் துன்புறுத்தலாகலாம். ‘பணியிடம்’ என்பதும் அலுவலகச் சுவரோடு முடிவதில்லை. கம்பெனி வேன், வெளியூர் வேலை, வேலைக்குப் போகும் வீடு எல்லாம் அதில் அடங்கும். நிரந்தர ஊழியர், தினக்கூலி, ஒப்பந்தத் தொழிலாளி, பயிற்சிக்கு வந்தவர், சம்பளம் இல்லாமல் தொண்டு செய்பவர் என எல்லாப் பெண்களும் புகார் தரலாம். ஆண்களும் திருநங்கைகளும் இந்தச் சட்டத்தின் கீழ் புகார் கொடுக்க வெளிப்படையான வழி இல்லை. அது ஒரு பெரிய குறை.

இங்கே நம் மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாகத் தமிழ்ச் செய்திகள் இதற்குப் பயன்படுத்திய சொல் ‘சில்மிஷம்’. கண்ணனின் குறும்புக்கும் சொல்லும் சொல் அது. அப்புறம் ‘சீண்டல்’, ‘ஈவ் டீசிங்’. விளையாட்டுக்குச் செய்தது என்ற தொனி இந்தச் சொற்களுக்குள்ளேயே இருக்கிறது. பாதிக்கப்பட்ட பெண்ணின் வாயில் வரும் சொல்லோ இன்னும் மங்கலானது: ‘ஒரு மாதிரி பேசுறார்’, ‘தப்பா நடந்துக்கிட்டார்’. அந்த ‘ஒரு மாதிரி’க்குள் என்ன இருக்கிறது என்று விசாரணையில் விலாவாரியாகச் சொல்லச் சொல்வார்கள். அதுவரை வாழ்க்கையில் உச்சரித்தே பழகாத சொற்களை, முன்பின் தெரியாத நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். மௌனத்தின் முதல் முடிச்சு விழுவது இங்கேதான்.

## அப்போதே சொன்ன ஒருவர்

நம் ஊரில் இன்றும் புகார்க் குழுவை ‘விசாகா கமிட்டி’ என்றுதான் சொல்கிறோம். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தைச் சேர்ந்த பன்வாரி தேவி. மாநில அரசின் பெண்கள் வளர்ச்சித் திட்டத்தில் ‘சாத்தின்’ என்ற களப்பணியாளர். 1992இல், மேல்சாதிக் குடும்பம் ஒன்றில் கைக்குழந்தைக்கு நடக்கவிருந்த திருமணத்தைத் தடுக்கப் பார்த்தார். அதற்குப் பழிவாங்க அதே ஆண்டு செப்டம்பரில் கும்பலாகச் சேர்ந்து அவரை வன்புணர்வு செய்தார்கள் என்பது அவரது புகார்.

பன்வாரி தேவி மறைக்கவில்லை, தாமதிக்கவும் இல்லை. உடனே காவல் நிலையம் போனார். மருத்துவப் பரிசோதனை 52 மணி நேரம் கழித்துத்தான் நடந்தது. ஊர் அவரை ஒதுக்கியது. 1995இல் விசாரணை நீதிமன்றம் வன்புணர்வுக் குற்றச்சாட்டிலிருந்து அனைவரையும் விடுவித்தது.

வேலையைச் செய்ததற்காகத் தாக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு, அந்த வேலையைக் கொடுத்த அரசு என்ன பாதுகாப்புத் தந்தது? இதைக் கேட்டுத்தான் விசாகா உள்ளிட்ட பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போயின. 1997 ஆகஸ்ட் 13 அன்று, தலைமை நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையிலான அமர்வு வழிகாட்டு நெறிகளை வகுத்தது. பாதுகாப்பான பணியிடம் என்பது சமத்துவத்துக்கும் கண்ணியமான வாழ்வுக்கும் தொழில் செய்யும் சுதந்திரத்துக்கும் உள்ள அடிப்படை உரிமையின் பகுதி என்றது தீர்ப்பு. அது சட்டமாக இன்னும் 16 ஆண்டுகள் ஆயின.

ஆக, இந்தச் சட்டத்தின் தொடக்கத்தில் நிற்பவர் அப்போதே சொன்ன ஒரு பெண். ‘ஏன் சொல்லல’ என்று கேட்பவர்கள், சொன்ன அவருக்கு என்ன கிடைத்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மற்ற பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

## மௌனத்தின் கணக்கு

ஒரு பனியன் கம்பெனித் தையல் லைனைக் கற்பனை செய்துகொள்வோம். வரிசையாக மெஷின்கள். பின்னால் வந்து நின்று தையலைப் பார்க்கிறார் சூப்பர்வைசர். லைனில் எல்லோரும் அவரை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவார்கள். தோளில் வைத்த கை எடுக்கப்படவில்லை. மறுநாளும் அதே. மூன்றாம் நாள் அந்தப் பெண் நிமிராமலே, ‘அண்ணா, கையை எடுங்க’ என்கிறாள். கை போய்விடுகிறது. அடுத்த வாரத்திலிருந்து அவள் தைத்த பீஸ்கள் மட்டும் ‘சரியில்லை’ என்று திரும்பி வருகின்றன. ஓவர்டைம் பட்டியலில் பெயர் இல்லை. பாத்ரூம் போகக் கேட்டால், ‘புரொடக்‌ஷன் முடிச்சுட்டுப் போ.’ இதில் எதையும் பாலியல் துன்புறுத்தல் என்று எழுதிக்கொடுக்க முடியாது. ஆனால் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கான தண்டனை.

இப்போது அவள் மனதில் ஓடும் கணக்கு இது.

1. வீடு. அம்மாவிடம் சொன்னால், ‘நாளையிலிருந்து வேலைக்குப் போக வேண்டாம்’ என்பதுதான் முதல் பதிலாக இருக்கும். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் சம்பளம் நிற்கும், தம்பியின் படிப்பு நிற்கும், அடுத்தது கல்யாணப் பேச்சு. கம்பெனியில் சொன்னால் வேலை போகலாம். வீட்டில் சொன்னால் நிச்சயமாகப் போகும். வெளியே சொல்லாத பெண்களில் பலர் முதலில் மறைப்பது வீட்டாரிடம்தான்.

2. ஊர் வாய். ‘முள்ளு மேல சேலை பட்டாலும், சேலை மேல முள்ளு பட்டாலும் சேதாரம் சேலைக்குத்தான்’ என்று சொல்லித்தான் நம் பெண்களை வளர்த்திருக்கிறோம். ‘ஊசி இடம் கொடுக்காம நூல் நுழையுமா’ என்பது அதைவிடக் கொடூரம். நியாயம் கேட்க வருபவளைக் கூட்டுக் குற்றவாளியாக்கிவிடும் பழமொழி அது. இரண்டையும் கேட்டு வளர்ந்தவளுக்கு, யார் மேல் பழி விழும் என்று யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

3. கேட்பவர் யார்? புகாரை வாங்கும் மேனேஜரோடு தினமும் டீ குடிப்பவர் அந்த சூப்பர்வைசர். ஒரே ஊர், ஒரே சாதி, சில இடங்களில் ஒரே குடும்பம். அந்தப் பெண் தலித்தாகவோ வெளிமாநிலத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவளாகவோ இருந்தால் அந்த மதில் இன்னும் உயரம்.

4. தன்மேலேயே சந்தேகம். ‘நான்தான் தப்பா எடுத்துக்கிட்டேனோ? முதல் நாளே சொல்லியிருக்கணுமோ? போன வாரம் அவர் ஜோக்குக்குச் சிரிச்சேனே?’ அதிகாரத்தில் இருப்பவரின் ஜோக்குக்குச் சிரிப்பது சம்மதம் இல்லை, பிழைப்பு. இதை அவளுக்குச் சொல்ல யாரும் பக்கத்தில் இல்லை.

இது திருப்பூர்க் கதை மட்டும் அல்ல. அமெரிக்காவின் சம வேலைவாய்ப்பு ஆணையம் அமைத்த பணிக்குழு 2016இல் வெளியிட்ட அறிக்கையின்படி, துன்புறுத்தலுக்கு ஆளானவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் மேலதிகாரியிடமோ தொழிற்சங்கப் பிரதிநிதியிடமோ பேசியதே இல்லை. சட்டமும் வழக்குரைஞர்களும் பெரும் இழப்பீடுகளும் உள்ள நாட்டிலேயே இதுதான் நிலை.

இன்னொன்று. மௌனம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் முழு மௌனம் இல்லை. ஷிப்ட் மாற்றிக் கேட்கிறாள், லிப்டில் அவர் ஏறினால் படியில் இறங்குகிறாள், புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் ‘அவர் கேபினுக்குத் தனியாப் போகாதே’ என்கிறாள், கடைசியில் ‘வீட்டுச் சூழ்நிலை’ என்று எழுதி ராஜினாமா செய்கிறாள். கேட்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு இவை எல்லாமே புகார்தான். நல்ல வேலைக்காரப் பெண்கள் ஒரே பிரிவிலிருந்து அடுத்தடுத்து விலகினால், அங்கே என்ன நடக்கிறது என்று போய்ப் பார்க்க எழுத்துப் புகார் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

## புகார் கொடுத்தால் என்ன நடக்கும்?

பயத்தில் பாதி, அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாததால் வருவது. எனவே நடைமுறையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

1. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வொரு இடத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர், அங்கே உயர்நிலையில் பணியாற்றும் பெண். ஊழியர்களில் குறைந்தது இருவர். பெண்கள் அமைப்பிலிருந்தோ இந்தத் துறை தெரிந்தவர்களிலிருந்தோ வெளியார் ஒருவர். மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்கள். குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம்.

2. பத்துப் பேருக்குக் குறைவான இடம், அல்லது புகாரே முதலாளி மீது என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர் புகார்க் குழுவுக்குப் போகலாம். தமிழ்நாட்டில் ஆட்சியர் அலுவலகத்திலோ மாவட்ட சமூகநல அலுவலகத்திலோ இதைப் பற்றி விசாரிக்கலாம். வீட்டு வேலை செய்பவர்களுக்கும் வழி இதுதான். அவர்கள் விஷயத்தில் முகாந்திரம் இருந்தால் ஏழு நாட்களுக்குள் குழு காவல் துறைக்கு அனுப்ப வேண்டும்.

3. புகார் எழுத்தில் இருக்க வேண்டும். ஆறு பிரதிகள், இருக்கும் ஆதாரங்கள், சாட்சிகளின் பெயர்கள். எழுதத் தெரியாதவர், எழுத முடியாதவர் என்றால் எழுதிக்கொள்ள உதவுவது குழுவின் கடமை. அவரால் புகார் தர முடியாத நிலை என்றால், அவரது எழுத்துபூர்வமான சம்மதத்தோடு விஷயம் தெரிந்த வேறொருவர் தரலாம்.

4. எதிர்த்தரப்புக்கு ஏழு வேலை நாட்களுக்குள் பிரதி போகும். அவர் பத்து வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். விசாரணை 90 நாட்களில் முடிய வேண்டும். குழுவின் முன் இரு தரப்புக்கும் வழக்குரைஞர் கிடையாது.

5. விசாரணை நடக்கும்போதே அந்தப் பெண் இடமாற்றம் கேட்கலாம், மூன்று மாதம் வரை விடுப்புக் கேட்கலாம், அந்த நபர் தன் வேலையை மதிப்பிடக் கூடாது என்றும் கேட்கலாம். பலருக்குத் தெரியாத உரிமை இது. எழுத்தில் கேட்டால்தான் கிடைக்கும்.

6. சமரசம் வேண்டும் என்று அவராகக் கேட்டால் மட்டுமே சமரசம். அதற்குப் பணம் அடிப்படையாக இருக்கக் கூடாது. ‘ஒரு தொகை வாங்கிட்டு விட்டுடும்மா’ என்று குழுவே பேசினால் அது சட்ட மீறல்.

7. விசாரணை முடிந்து பத்து நாட்களுக்குள் அறிக்கை, அதிலிருந்து 60 நாட்களுக்குள் நிர்வாகத்தின் நடவடிக்கை. திருப்தி இல்லை என்றால் 90 நாட்களுக்குள் மேல்முறையீடு.

பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டே என்ற பயம் பரவலாக இருக்கிறது. 14ஆம் பிரிவில் அது இருப்பது உண்மைதான். ஆனால் வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு பொய் சொன்னதாகத் தனி விசாரணையில் நிரூபணமானால்தான் அது பொருந்தும். புகாரை நிரூபிக்க முடியாமல் போனது மட்டுமே பொய்ப் புகார் ஆகாது என்று அதே பிரிவு சொல்கிறது. நோட்டீஸ் போர்டுகளில் முதல் பாதியைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு இரண்டாம் பாதியை விட்டுவிடும் நிறுவனங்கள், புகார் கொடுக்காதே என்பதைத்தான் வேறு விதமாகச் சொல்கின்றன.

ரகசியம் காக்கும் 16ஆம் பிரிவும் இப்படித்தான் வளைக்கப்படுகிறது. புகாரின் உள்ளடக்கத்தையும் பெயர்களையும் வெளியிடக் கூடாது என்பது அந்தப் பெண்ணைப் பாதுகாக்க வந்த விதி. அதையே காட்டி, ‘யார்கிட்டயும் பேசக் கூடாது’ என்று அவரைத் தனிமைப்படுத்தும் இடங்கள் உண்டு.

## ஆறு மாதக் கெடு

இந்தச் சட்டத்தின் மிகக் கடினமான பகுதி காலக் கெடு. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தொடர் சம்பவங்கள் என்றால் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால், குழு அதை எழுத்தில் பதிவு செய்து இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். அதற்கு மேல் இல்லை.

2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த கொல்கத்தா வழக்கு இதன் விளைவைக் காட்டுகிறது. சட்டப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெண் பேராசிரியர், துணைவேந்தர் மீது கொடுத்த புகார் அது. கடைசிச் சம்பவம் 2023 ஏப்ரலில், புகார் டிசம்பரில். கெடு தாண்டிவிட்டது என்று உள்ளூர்க் குழு எடுத்த முடிவை உச்ச நீதிமன்றமும் ஏற்றது. ஆனால் அந்தத் தீர்ப்பைத் துணைவேந்தர் தன் சுயவிவரக் குறிப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் உத்தரவிட்டது. புகாரில் உண்மை உண்டா இல்லையா என்ற விசாரணைக்கே வழக்குப் போகவில்லை. சட்டம் தெரிந்த ஒரு பேராசிரியருக்கே இப்படி என்றால், லைனில் உட்கார்ந்து தைப்பவருக்கு ஆறு மாதம் என்பது எவ்வளவு குறுகியது? மேலே சொன்ன நான்கு கணக்குகளையும் போட்டு முடிக்கவே அதற்கு மேல் ஆகும். இந்தக் கெடுவைத் திருத்த வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

குழுவுக்கான கெடு முடிந்தால் எல்லாக் கதவும் மூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம். குற்ற வழக்குக்குக் கணக்கு வேறு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 75ஆம் பிரிவில், பாலியல் சாயல் உள்ள பேச்சுக்கு ஓராண்டு வரை தண்டனை; தொடுதல், பாலுறவுக்குக் கேட்பது, விருப்பத்துக்கு மாறாக ஆபாசம் காட்டுவது ஆகியவற்றுக்கு மூன்றாண்டு வரை. முதல் வகையை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க ஓராண்டுக் கெடு, இரண்டாம் வகைக்கு மூன்றாண்டு. மானபங்க நோக்கத்தோடு பலவந்தம் செய்வதற்கான 74ஆம் பிரிவில் தண்டனை ஐந்தாண்டு வரை என்பதால் இந்தக் கெடுவே கிடையாது. குழுவிலும் காவல் நிலையத்திலும் ஒரே நேரத்தில் புகார் கொடுக்கவும் தடை இல்லை.

## சுங்கச்சாவடியில் ஒரு கார்

படிப்பும் பதவியும் இருந்தால் பேசிவிடலாம் என்பவர்களுக்கு 2021ஆம் ஆண்டை நினைவூட்ட வேண்டும். அந்த பிப்ரவரியில், முதலமைச்சர் சுற்றுப்பயணப் பாதுகாப்புப் பணியின்போது, சிறப்பு டிஜிபி தன் காரில் வைத்துத் தவறாக நடந்துகொண்டதாக ஒரு பெண் ஐபிஎஸ் அதிகாரி புகார் செய்தார். புகார் கொடுக்கச் சென்னைக்குக் கிளம்பிய அவரது கார், செங்கல்பட்டு அருகே பரனூர் சுங்கச்சாவடியில் வழிமறிக்கப்பட்டது. மறித்தவர் இன்னொரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்.

ஒரு மாவட்டத்துக்கே காவல் பொறுப்பில் இருக்கும் அதிகாரி, தனக்கு நடந்ததைச் சொல்லப் போகிற வழியில், தன் சொந்தத் துறையால் நடுரோட்டில் நிறுத்தப்படுகிறார். அவர் அப்போதே சொன்னவர். விட்டுக்கொடுக்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கைக் கண்காணித்தது. 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் சிறப்பு டிஜிபிக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. வழிமறித்த அதிகாரிக்கு 500 ரூபாய் அபராதம். 2024 பிப்ரவரியில் முதல் மேல்முறையீட்டிலும் தண்டனை உறுதியானது. வழக்கு அதன் பிறகும் மேல் நீதிமன்றங்களுக்குப் போனது.

அந்த 500 ரூபாயைக் கவனியுங்கள். புகாரைத் தடுப்பவருக்கு நம் அமைப்பு வைத்திருக்கும் விலை அது.

## குழுவுக்கு வெளியே பேசினால்

குழுவில் நம்பிக்கை இல்லாதவர்களும் கெடு தாண்டியவர்களும் 2018இல் சமூக ஊடகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் எதிர்வினை அவதூறு வழக்கு. பத்திரிகையாளர் பிரியா ரமணி மீது, அப்போது மத்திய அமைச்சராக இருந்த எம்.ஜே. அக்பர் தொடுத்த வழக்கு அதில் முக்கியமானது. குற்றச்சாட்டை அக்பர் மறுத்தார். 2021 பிப்ரவரி 17 அன்று டெல்லி நீதிமன்றம் ரமணியை விடுவித்தது. ஒரு பெண் தன் குறையைத் தான் விரும்பும் எந்த மேடையிலும், பல பத்தாண்டுகள் கழித்தும் சொல்லலாம் என்றது தீர்ப்பு. அக்பர் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்திருக்கிறார்.

ரமணிக்கு வழக்குரைஞர்களும் சாட்சிகளும் ஆதரவும் இருந்தன. இரண்டு ஆண்டுக்கும் மேல் கோர்ட்டுக்கு நடக்க எல்லோராலும் முடியாது. பெயர் சொல்லி வெளியில் எழுதுவதற்கு முன், கையில் இருக்கும் ஆதாரத்தோடு ஒரு வழக்குரைஞரைப் பார்ப்பது நல்லது. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி உண்டு.

## பேசிய பிறகும் மௌனம்: கேரளம்

2017இல் நடிகை ஒருவர் கடத்தித் தாக்கப்பட்ட பின், திரைப்படப் பெண்கள் கூட்டமைப்பின் கோரிக்கையால் நீதிபதி ஹேமா தலைமையில் குழு அமைந்தது. ரகசியம் காக்கப்படும் என்ற உறுதியை நம்பிப் பெண்கள் பேசினார்கள். 2019 டிசம்பரில் அறிக்கை அரசின் கைக்கு வந்தது. வெளியானது 2024 ஆகஸ்ட் 19 அன்று, அதுவும் தகவல் ஆணையத்தின் உத்தரவுக்குப் பிறகு, பல பகுதிகள் நீக்கப்பட்டு. நாலரை ஆண்டு மௌனம் சாதித்தது அந்தப் பெண்கள் இல்லை, அரசு.

படப்பிடிப்பு நடக்கும் இடங்களில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே நாளைக் கடத்துகிறார்கள் என்று அந்த அறிக்கை பதிவு செய்தது. பாலியல் துன்புறுத்தல் பற்றிய அறிக்கையில் கழிப்பறைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்டார்கள். தண்ணீர் குடிப்பதற்கே யோசிக்க வேண்டிய இடத்தில், வாய்ப்புத் தரும் ஒருவர் மேல் புகார் கொடுக்க ஒருத்திக்கு எங்கிருந்து தைரியம் வரும்? பேசினால் வாய்ப்பே கிடைக்காது என்ற பயமும் அதில் பதிவாகியிருக்கிறது. தினசரி ஒப்பந்தத்தில் ஓடும் தொழிலில் வேலையைவிட்டு நீக்கவே தேவையில்லை, அடுத்த படத்துக்குக் கூப்பிடாமல் இருந்தால் போதும்.

அறிக்கை வெளியான பின் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்து வழக்குகள் பதியப்பட்டன. குழுவிடம் பேசிய பலர் காவல் துறையிடம் வாக்குமூலம் தர முன்வராததால் பல வழக்குகள் முடித்துவைக்கப்பட்டன. இதைப் பின்வாங்கல் என்று எழுதியவர்கள் உண்டு. ரகசியமாகச் சொல்வதும் குற்ற வழக்கில் சாட்சி சொல்வதும் வேறு வேறு முடிவுகள். முதலாவதற்குச் சம்மதித்த பெண் இரண்டாவதற்கும் சம்மதித்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

## திண்டுக்கல்லில் மாறியது என்ன?

2021 ஜனவரியில், திண்டுக்கல் மாவட்ட ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டார். அந்த ஆலையின் சூப்பர்வைசர் மீது வழக்குப் பதிவானது. அவர் கொடுத்த தொல்லை பற்றிச் சக தொழிலாளர்களுக்குத் தெரிந்திருந்தது. பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் இதை விடாமல் எடுத்துச் சென்றது. 2022 ஏப்ரலில், சங்கமும் அந்த ஆலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும், ஹெச் அண்ட் எம் உள்ளிட்ட வெளிநாட்டு பிராண்டுகளும், ‘ஏசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸ்’ போன்ற தொழிலாளர் உரிமை அமைப்புகளும் சேர்ந்து ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கண்டன.

இதில் என்னை மிகவும் ஈர்ப்பது அதன் அளவு. 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் வீதம், அவர்களோடே மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைச் சங்கம் பயிற்றுவித்தது. மேனேஜர் அறைக்கு ஏற வேண்டாம், ஆறு பிரதி எழுத வேண்டாம். பக்கத்து மெஷின் அக்காவிடம், ‘அக்கா, அவர் பேச்சு ஒரு மாதிரியா இருக்கு’ என்றால் போதும். அந்த ‘ஒரு மாதிரி’யை முறைப்படி கொண்டுபோவது அக்காவின் வேலை. கத்துவது, கெட்ட வார்த்தை, பாத்ரூமுக்கு விடாமை போன்ற சின்ன விஷயங்களும் அங்கே புகார்களாக வந்தன. சின்னதைச் சொல்லிப் பழகிய இடத்தில்தான் பெரியதைச் சொல்ல நாக்கு எழும்.

இன்னொரு வலு வணிகத்தில் இருந்தது. ஒப்பந்தத்தை மீறினால் பிராண்டுகளின் ஆர்டருக்கு ஆபத்து. புகாரைப் புதைப்பதைவிடத் தீர்ப்பது நிர்வாகத்துக்கு லாபம் என்ற நிலை முதல் முறையாக வந்தது.

பெரிய நிறுவனங்கள் இங்கே வேறொரு பாடம் எடுத்துக்கொள்ள வேண்டும். 2025 ஜூலை முதல், எத்தனை புகார் வந்தது, எத்தனை தீர்ந்தது, எத்தனை 90 நாளைத் தாண்டி நிற்கிறது என்று நிறுவனங்கள் இயக்குநர் குழு அறிக்கையில் சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் இடத்தில் ஆண்டுக்கு ஆண்டு ‘புகார்: பூஜ்யம்’ என்று வந்தால் அதைப் பெருமையாகப் போடுகிறார்கள். அங்கே யாரும் குழுவை நம்பவில்லை என்று படிக்கவே வாய்ப்பு அதிகம்.

## இன்னும் முடிவெடுக்காதவர்களுக்கும், பக்கத்தில் இருப்பவர்களுக்கும்

சொல்வதா வேண்டாமா என்பது பாதிக்கப்பட்டவரின் முடிவு. ஆனால் முடிவெடுக்கும் முன்பே செய்து வைக்கக்கூடியவை உண்டு.

1. நடந்த அன்றே தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தைகள், அருகில் இருந்தவர்கள் என்று எழுதி வையுங்கள். அலுவலகக் கணினியில் வேண்டாம். வேலையை விட்டால் அது கையில் இருக்காது.
2. வாட்ஸ்அப் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் மூலத்தை அழிக்காதீர்கள். பழைய போனை விற்காதீர்கள்.
3. நம்பும் ஒருவரிடம் எழுத்தில் சொல்லி வையுங்கள். ‘இன்னைக்கு மீட்டிங்ல இப்படி நடந்துச்சு’ என்று தோழிக்கு அனுப்பிய ஒரு வரி பின்னாளில் சாட்சியம்.
4. 181 பெண்கள் உதவி எண். பெயர் கொடுத்துப் புகார் செய்யும் எண்ணம் இல்லாவிட்டாலும் வழி கேட்கலாம்.

பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள், ‘நீ ஏன் சொல்லல’ என்று கேட்காமல் ‘நான் பார்த்தேன், தேவைன்னா சொல்றேன்’ என்று சொல்லுங்கள். பெரும்பாலான விசாரணைகளில் குழுவின் கையில் இருப்பது அவள் சொல், அவர் சொல் இரண்டும்தான். பார்த்த ஒருவர் வாய் திறந்தால் தராசு மாறும். அவள் முடிவெடுக்கும்வரை அவளைக் கேட்காமல் மேலிடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். அலுவலகத்தில் வதந்தியாக்கவும் செய்யாதீர்கள்.

நாளை வேலைக்குப் போனதும் நோட்டீஸ் போர்டில் புகார்க் குழுவின் பெயர்களைப் பாருங்கள். அதில் உள்ளவர்கள் இன்னும் அங்கே வேலை செய்கிறார்களா, வெளி உறுப்பினர் பெயரும் போன் எண்ணும் இருக்கிறதா என்று கவனியுங்கள். குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டு. பட்டியலில் தேதி இல்லை என்றால் எச்.ஆரிடம் கேளுங்கள். யாரோ ஒருத்திக்கு அந்தப் பட்டியல் தேவைப்படும்போது, கடைசிச் சம்பவ நாளிலிருந்து மூன்று மாதம் ஓட ஆரம்பித்திருக்கும்.